நியூஸிலாந்து உயர்நிலைப் பள்ளியில் இருபண்பாட்டு உள்ளூர்ப் பாடத்திட்டம்: தொடக்கம் முதல் மதிப்பீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நியூஸிலாந்தின் பல உயர்நிலைப் பள்ளிகளில் சுவரில் இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் முதுமொழி ஒன்று எழுதியிருக்கும். அசெம்பிளி ‘கியா ஓரா’ என்ற மாவோரி வணக்கத்தில் தொடங்கும். விருந்தினர் வந்தால் பிள்ளைகள் ஹாக்கா ஆடுவார்கள். அதே பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள், அதிலும் மாவோரிப் பிள்ளைகள், மதியத்துக்குப் பிறகு வகுப்பில் காணாமல் போவார்கள். அலங்காரத்தில் மாவோரி இருக்கிறது, தீர்மானத்தில் இல்லை என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எதைக் கற்பிப்பது, எங்கே கூட்டிப்போவது, எதற்கு மதிப்பெண் கொடுப்பது என்று முடிவுசெய்யும் மேசையில் அந்த ஊர் மாவோரி மக்கள் உட்காரும்வரை முதுமொழி சுவரோடு நின்றுவிடும்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துவிட்டு இங்கே வந்து கணிதமும் அறிவியலும் நடத்தும் தமிழ் ஆசிரியர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். துறைப் பொறுப்புக்கு வந்ததும் ‘உள்ளூர்ப் பாடத்திட்டம்’ என்ற கோப்பு உங்கள் மேசைக்கும் வரும். உதாரணத்துக்கு வைக்காத்தோ பகுதியை, ஹாமில்டனையும் தெ அவாமுத்துவையும் சுற்றியுள்ள ஊர்களை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊருக்கு வேறு ஆறு, வேறு மலை, வேறு குலம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் ஒப்பந்தம் செய்தார்கள். அதற்கு மாவோரி வாசகம் ஒன்று, ஆங்கில வாசகம் ஒன்று. இரண்டும் சொல்வது ஒன்றல்ல. நாடு முழுவதும் கையொப்பமிட்ட 500-க்கும் மேற்பட்ட தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் கையொப்பமிட்டது மாவோரி வாசகத்தில். மாவோரி வழி, பிரிட்டிஷ் வழி இரண்டுக்கும் இடம் தரும் ‘இருபண்பாடு’ என்று இங்கே பேசுவதன் வேர் அந்த ஒப்பந்தம். 2007 தேசியப் பாடத்திட்டம் ஒப்பந்தத்தைத் தன் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. ஊருக்கேற்ற பாடத்தை வடிவமைக்கும் இடத்தைப் பள்ளிகளுக்கு விட்டது. 2020 கல்விச் சட்டம் உள்ளூர் மாவோரி வழக்கமும் அறிவும் பாடத்திட்டத்தில் வரவேண்டும் என்று பள்ளி வாரியங்களின் கடமையாகவே எழுதியது. 2025-ல் அரசு அந்தக் கடமையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. தொடர்ந்து செய்வோம் என்று பல பள்ளிகள் பகிரங்கமாகச் சொல்லிவிட்டன. ஆட்சி மாறினால் வாசகம் மாறும் என்பதால் சட்டத்தை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

படி 1: திட்டம் போடுவதற்கு முன் பிள்ளைகளைப் பேசவிடுங்கள்

2001-ல் வைக்காத்தோ பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் பிஷப், மெரெ பெரிமன் குழுவினர் ‘தெ கொத்தஹிதங்கா’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் செய்தது, ஒன்பது, பத்தாம் ஆண்டு மாவோரிப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டதுதான். ஏன் படிப்பில் பின்தங்குகிறீர்கள் என்ற கேள்விக்குப் பிள்ளைகளும் பெற்றோரும் அதிகம் பேசியது ஆசிரியருடனான உறவைப் பற்றி. ஆசிரியர்களில் பெரும்பாலோர் கைகாட்டியது பிள்ளையின் வீட்டை. ஒரே வகுப்பறைக்கு இரண்டு விளக்கம். பாடப்பொருளை எவ்வளவு மாற்றினாலும் இந்த இடைவெளி அப்படியே இருந்தால் பலன் கிடைக்காது.

உங்கள் பள்ளியிலும் இதைச் செய்யலாம், பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு. கேட்பவர் அவர்களுக்கு மதிப்பெண் போடாதவராக இருக்க வேண்டும். சாப்பிட ஏதாவது இருக்கட்டும். இங்கே சோறில்லாமல் பேச்சு நகராது, நம் ஊர் போலவே. “உனக்குப் பிடித்த பாடம் எது” என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எந்த வகுப்பில் நீ வாயைத் திறப்பாய், அங்கே என்ன வித்தியாசம்? எந்த ஆசிரியர் உன் பெயரைச் சரியாகச் சொல்கிறார்? உன் பாட்டிக்குத் தெரிந்த எது இந்தப் பள்ளிக்குத் தெரியாது?

அவர்கள் சொன்னதைப் பெயரில்லாமல், சொல் மாற்றாமல் ஆசிரியர் கூட்டத்தில் வாசியுங்கள். சுருக்கி, மெருகேற்றி, ஸ்லைடாக மாற்றினால் அதன் காரம் போய்விடும்.

படி 2: யாருடைய மண் என்று தெரிந்துகொள்ளுங்கள், கையில் கோரிக்கை இல்லாமல் போங்கள்

‘மாவோரி சமூகம்’ என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிமையும் பொறுப்பும் உடைய மக்கள் உண்டு. மன ஃபெனுவா என்பார்கள். அவர்கள் ஓர் இவியாக, அதாவது பெருங்குலமாக இருக்கலாம். பெரும்பாலும் ஹப்பூ என்னும் கிளைக்குலத்திடம்தான் விஷயம் இருக்கும். ஒரே பள்ளியைச் சுற்றி இரண்டு மூன்று ஹப்பூக்கள் இருப்பதும், அவர்களுக்குள் கதை வேறுபடுவதும் சகஜம். அரசின் தெ காஹுய் மாங்காய் இணையத் தொகுப்பில் எந்தப் பகுதிக்கு எந்த இவி, எந்த மரயெ என்று பார்க்கலாம். பார்த்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். மரயெ என்னும் பொதுமனையில் ஏதாவது வேலை நாள் இருந்தால் போய்ப் பாத்திரம் கழுவுங்கள். அந்த இவியோடு உறவுள்ள யாராவது உங்களைக் கூட்டிப்போவது இன்னும் நல்லது.

பள்ளியில் இருக்கும் ஒரே மாவோரி ஆசிரியர் தலையில் இதையெல்லாம் கட்டுவது இங்கே எல்லா இடத்திலும் நடக்கிற அநியாயம். அவர் வேறு பகுதியின் இவியைச் சேர்ந்தவராகக்கூட இருப்பார். இந்த மண்ணுக்காகப் பேச அவருக்கே உரிமை இருக்காது. அப்படியே அவர் உதவுகிறார் என்றால் அதற்கு வகுப்பு நேரத்தைக் குறையுங்கள், பொறுப்பூதியம் கொடுங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகத் திட்டமிட வேண்டும். வருகைக்கு மரியாதையாக வைக்கும் கொஹா ஒன்று. பாடம் வடிவமைக்க வரும் பெரியவர்களின் நேரத்துக்கான ஊதியம் வேறொன்று. இரண்டையும் குழப்பி, ஒரு பரிசுக்கூடையோடு முடித்துக்கொள்ளும் பள்ளிகளை இவிக்காரர்கள் நன்றாக நினைவு வைத்திருப்பார்கள். இன்னொன்று: குலத்தில் சாவு விழுந்தால் மூன்று நாள் போலத் துக்கச் சடங்கு நடக்கும், உங்கள் கூட்டம் தள்ளிப்போகும். காலஅட்டவணையில் அதற்கு இடம் விட்டிருந்தால் யாருக்கும் சங்கடமில்லை.

முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “உங்கள் பிள்ளைகள் பதினெட்டு வயதில் இந்த ஊரைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?” பதில் உடனே வராது. வரும்வரை பாட அலகு எழுத உட்காராதீர்கள்.

படி 3: உள்ளூர்ச் சரக்கைத் திரட்டுங்கள்

இதற்கு நிறையப் பேர் அறியாத புதையல், ஒப்பந்த மீறல்களுக்கான தீர்வுச் சட்டங்களும் அவற்றோடு வரும் உடன்படிக்கைகளும். நிலம் எப்படிப் போனது என்று அரசும் இவியும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரலாறு அவற்றில் உண்டு, அரசின் மன்னிப்பும் உண்டு. வைக்காத்தோவில் அரசு 1860-களில் மாவோரிகள் மீது நடத்திய போருக்குப் பின் பறிமுதலான நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். 1995 தீர்வுச் சட்டத்துக்கு எலிசபெத் அரசி நேரில் வந்து கையெழுத்திட்டார். ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்க 1975-ல் அமைந்த வைத்தாங்கி நடுவர் மன்றத்தின் அறிக்கைகளும் இணையத்தில் இலவசம். தேசிய நூலகத்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ தளத்தில் 19-ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களை ஊர்ப்பெயர் போட்டுத் தேடலாம், மாவோரி மொழிப் பத்திரிகைகள் உட்பட.

திரட்டியதை இவியிடம் காட்டுங்கள். அச்சில் இருப்பதாலேயே வகுப்பில் சொல்லலாம் என்று ஆகாது. சில அடக்கத்தலங்கள், சில பரம்பரை வரிசைகள், சில மந்திரங்கள் பள்ளிக்கானவை அல்ல என்று சொல்வார்கள். சரி என்று விட்டுவிடுங்கள், காரணம் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

படி 4: ஓர் அலகு, ஒரு பருவம், ஒரே ஆண்டுப் பிரிவு

மொத்தப் பாடத்திட்டத்தையும் புரட்டிப்போடும் ஆசையை அடக்குங்கள். ஒன்பதாம் ஆண்டின் முதல் பருவத்துக்கு ஒரே அலகு போதும். வைக்காத்தோவில் இதற்குக் காலமும் பொருந்தி வருகிறது. பள்ளி பிப்ரவரி வாக்கில் திறக்கிறது. பிப்ரவரி 6 ஒப்பந்த நாள். பிப்ரவரி 21 ரங்கியாஓஃபியா தாக்கப்பட்ட நாள். மார்ச் 31 முதல் ஏப்ரல் 2 வரை ஓராக்காவ் போர். கோடையில் ஆற்றில் விலாங்குக் குஞ்சுகள் ஏறிவரும். எல்லாம் ஒரே பருவத்துக்குள்.

ரங்கியாஓஃபியா தெ அவாமுத்துவுக்குக் கிழக்கே உள்ள இடம். 1840-களிலும் 50-களிலும் அங்கிருந்த மாவோரி மக்கள் கோதுமை விளைவித்தார்கள், மாவு ஆலை வைத்தார்கள், பீச் தோட்டம் போட்டார்கள், ஆக்லாந்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். 1864 பிப்ரவரி 21, ஞாயிறு விடியலில், ஆண்களில் பெரும்பாலோர் பாத்தெராங்கி அரணில் இருந்தபோது, பிரிட்டிஷ் ஜெனரல் கேமரனின் படை அந்த அரணைச் சுற்றிக்கொண்டு இந்த ஊருக்குள் புகுந்தது. ஒரு வீடு ஆட்களோடு எரிந்தது. எத்தனை பேர், யார் யார் என்பதில் படையின் அறிக்கையும் குலத்தின் நினைவும் ஒத்துப்போவதில்லை. சமூகவியல் வகுப்புக்கு இதைவிடக் கூர்மையான ஆதார ஒப்பீடு கிடைக்காது. இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள், எது விடுபட்டது என்று பிள்ளைகளே தோண்டட்டும்.

இந்த மண்ணில் நின்று கேட்ட கதை பிள்ளைகளை என்ன செய்யும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 2014-ல் பக்கத்து ஊரான ஓத்தொரொஹாங்காவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ரங்கியாஓஃபியாவுக்கும் ஓராக்காவுக்கும் போய்வந்தார்கள். இதெல்லாம் எங்களுக்கு ஏன் சொல்லித்தரப்படவில்லை என்று கேட்டு 12,000-க்கும் மேற்பட்ட கையொப்பங்களோடு 2015-ல் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொண்டுபோனார்கள். நிலப்போர்களுக்கான தேசிய நினைவு நாள் அதன் பிறகு வந்தது. நாட்டின் வரலாற்றை எல்லாப் பள்ளிகளும் கற்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து வலுத்து 2023-ல் நடைமுறைக்கு வந்தது. ஆர்வமில்லாத வயது என்று நாம் சொல்லும் வயதுப் பிள்ளைகள் அவர்கள்.

அறிவியலுக்கு விலாங்கை எடுங்கள். நீள்துடுப்பு விலாங்கு நியூஸிலாந்துக்கே உரியது. பல பத்தாண்டுகள் ஆற்றில் வாழ்ந்து, ஒரே ஒரு முறை முட்டையிட டொங்கா பக்கமுள்ள கடலுக்குப் போய் அங்கேயே சாகும். குஞ்சுகள் கடலோட்டத்தில் மிதந்து திரும்பிவந்து ஆற்றில் ஏறும். வைக்காத்தோ ஆற்றில் எட்டு நீர்மின் அணைகள். கீழே முதலில் நிற்பது 1947-ல் முடிந்த காராப்பிரோ. அணையடியில் விரல் நீளக் குஞ்சுகள் ஈரச் சுவரில் ஒட்டி ஒட்டி ஏறப் பார்க்கும். அவற்றைப் பொறியில் பிடித்து, வண்டியில் ஏற்றி, அணைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியுமா? ஒரு கைப்பிடியை எண்ணி எடைபோட்டு, மொத்த எடையிலிருந்து கணக்கிடு என்று கொடுங்கள். மாதிரிப் பிழை என்றால் என்ன என்பதை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும். பக்கத்து வாளியில் எடை கொஞ்சம் வேறு வருமே!

முதிர்ந்த விலாங்குகள் கடலுக்கு இறங்குவது இலையுதிர்காலத்தின் இருண்ட மழை இரவுகளில். மரமத்தகா என்னும் மாவோரிச் சந்திர நாட்காட்டி எந்த இரவில் வலை போடலாம், எந்த இரவில் வேண்டாம் என்று பெயரோடு சொல்கிறது. தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கவனிப்பு அது. அமாவாசை, பௌர்ணமி பார்த்துக் கடலுக்குப் போகும் மீனவர் உள்ள ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை நம்பவைக்க வேண்டியதில்லை. கூடை முடையத் தெரிந்த பெரியவர் கிடைத்தால் ஹீனாக்கி என்னும் விலாங்குப் பொறியைக் கைத்தொழில் வகுப்பில் செய்யலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாவோரி அறிவை முதலில் சொல்லிவிட்டு, ‘அறிவியல் என்ன சொல்கிறது பார்ப்போம்’ என்று நீதிபதி நாற்காலியில் அறிவியலை உட்காரவைக்காதீர்கள். இரண்டும் ஒன்றே என்று பூசி மெழுகவும் வேண்டாம். இரண்டும் எப்படி அறிகின்றன, எதற்காக அறிகின்றன, எங்கே கேள்விகள் வேறுபடுகின்றன என்று பேசலாம். நீர் சுத்தமாக இருக்கிறதா என்பதை நுண்ணுயிர் எண்ணிக்கை ஒரு விதமாகச் சொல்லும். அந்த நீரில் உணவு எடுக்கலாமா, குழந்தையைக் குளிப்பாட்டலாமா என்று பாட்டி கேட்பது வேறு கேள்வி.

ஆங்கிலப் பாடத்துக்கும் ஊரிலேயே பொருள் இருக்கிறது. கேட் பா போரில் 1864-ல் இறந்த பிரிட்டிஷ் கேப்டனின் பெயர்தான் ஹாமில்டன். நகரச் சதுக்கத்தில் இருந்த அவர் சிலை 2020 ஜூனில் அகற்றப்பட்டது. கிரிகிரிரோவா என்ற பழைய பெயரையே வைக்கலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மாநகராட்சிக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் நின்றாலும் சரி. நிஜ முகவரிக்குப் போகிற கடிதத்தில் பிள்ளைகள் எழுத்துப்பிழையைத் தாங்களே பார்ப்பார்கள்.

படி 5: மதிப்பெண்ணுக்குள் கொண்டுபோங்கள்

திட்டங்கள் பெரும்பாலும் செத்துப்போவது இந்த இடத்தில்தான். ஒன்பது, பத்தாம் ஆண்டுகளில் ஆற்றுப் பாடமும் விலாங்கும். பதினொன்றில் தேர்வு வந்ததும் ‘இனி நிஜப் படிப்பு’ என்று பழைய பாடம். அது வெறும் விளையாட்டு என்று பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. 2002-ல் வந்த என்சிஇஏ என்னும் பள்ளிச் சான்றிதழ் முறையில் பள்ளியே மதிப்பிடும் தரநிலைகள் உண்டு. சூழலை ஆசிரியர் தேர்ந்தெடுக்கலாம். மாவோரி அறிவுக்குச் சமமதிப்பு என்பது அந்த முறையின் சீர்திருத்தத்தில் எழுதப்பட்ட நோக்கம். ஆகவே தண்ணீர்த் தர ஆய்வை வேதியியல் கிரெடிட்டுக்கும், ரங்கியாஓஃபியா ஆய்வை வரலாற்றுக் கிரெடிட்டுக்கும் கொண்டுபோக வழி உண்டு. என்சிஇஏவை எடுத்துவிட்டு வேறு சான்றிதழ் கொண்டுவரும் திட்டத்தை அரசு 2025-ல் அறிவித்திருப்பதால், அலகை ஒரு குறிப்பிட்ட தரநிலை எண்ணோடு இறுக்கிக் கட்டாதீர்கள். திறனோடு கட்டுங்கள்: ஆதாரம் ஒப்பிடல், மாதிரி எடுத்தல், வாதம் எழுதுதல். எந்தத் தேர்வு வந்தாலும் இவை கேட்கப்படும்.

படி 6: ஆசிரியர்களைத் தயார்செய்யுங்கள்

பெயரை ஒழுங்காக உச்சரிப்பதில் தொடங்கும். இதில் தமிழருக்கு அதிர்ஷ்டம். மாவோரியில் குறில் நெடில் வேறுபாடு உண்டு, சொல்லின் முதலிலேயே ‘ங’ வருவதுண்டு, ‘ர’ நம் ரகரம் மாதிரி மெல்லியது. ஆங்கிலேயச் சகாக்கள் தடுமாறும் இடத்தில் ஒரு வாரப் பயிற்சியில் தேறிவிடலாம். சோம்பலைத் தவிர சாக்கு கிடையாது.

அடுத்தது பயம். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பலர் வாயே திறப்பதில்லை. அலகு தொடங்குவதற்கு முன்பு எல்லா ஆசிரியர்களும் ஒரு நாள் அந்த இடங்களுக்கு, இவியின் வழிகாட்டியோடு போய்வரட்டும். பேருந்து, மாற்று ஆசிரியர், வெளிக்களப் பாதுகாப்புப் படிவம் எல்லாவற்றுக்கும் முந்தைய ஆண்டின் மூன்றாம் பருவத்திலேயே ஏற்பாடு செய்தால்தான் நடக்கும். ஆசிரியர்களுக்கான பண்பாட்டுத் திறன்களை அடுக்கும் 2011-ன் ‘தாத்தாயாக்கோ’ ஆவணத்தை வாசித்தால் நல்லது. மண்ணில் கால்பட்ட பிறகு வாசித்தால் இன்னும் புரியும்.

படி 7: பெற்றோரிடம் பேசுங்கள், நம்மவர்களிடமும்

“என் பிள்ளை டாக்டருக்குப் படிக்கணும் சார், இந்த விலாங்கெல்லாம் எதுக்கு?” இந்தக் கேள்வியை இந்தியப் பெற்றோரும் கேட்பார்கள், வெள்ளைக்காரப் பெற்றோரும் கேட்பார்கள். எடைபோட்ட கணக்குத் தாளைக் காட்டுங்கள். மாதிரி, சராசரி, பிழைவரம்பு எல்லாம் அதில் இருக்கும். பேச்சு பாதியில் முடிந்துவிடும்.

‘பல பண்பாடு உள்ள நாட்டில் ஏன் இரண்டை மட்டும்’ என்பது கொஞ்சம் கனமான கேள்வி. தீபாவளியும் சீனப் புத்தாண்டும் பள்ளியில் கொண்டாடலாம், கொண்டாட வேண்டும். ஆனால் நாம் இங்கே குடியேறி வாழும் உரிமையே அந்த 1840 ஒப்பந்தத்தின் வழியாக வந்தது. மாவோரிக்கு இந்த மண்ணைத் தவிர வேறு தாயகம் இல்லை. ஆகவே பல பண்பாடு என்ற பேரைச் சொல்லி இரண்டை ஒதுக்குவதற்கு நாம் துணைபோகக் கூடாது என்பது என் கருத்து.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு உள்ளே வர வாசல்கள் இருக்கவே இருக்கின்றன. வெலிங்டன் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணித் துண்டு இருக்கிறது. 1830-களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதை வடக்கே பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் சமைத்துக்கொண்டிருந்தார்களாம். அதில் பொறித்திருப்பது தமிழ். முகைதீன் பக்ஷ் என்பவரின் கப்பல் மணி. எப்படி வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விசாரணைப் பாடத்துக்கு அது வசதி. 2022 முதல் பொது விடுமுறையாகிவிட்ட மாவோரிப் புத்தாண்டான மத்தாரிக்கிக்குப் பெயர் தந்த விண்மீன்கள், நம் கார்த்திகை மீன் கூட்டம்தான். இவற்றை வாசலாக மட்டும் வையுங்கள். அலகின் நடுவில் தமிழைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் ஊர்க்காரர்களின் கதை மறுபடியும் ஓரத்துக்குப் போகும்.

படி 8: பலனை எதை வைத்து அளப்பது

அரைநாள் கணக்கில் 90 சதவீதத்துக்கு மேல் வந்தால் ‘ஒழுங்கான வருகை’ என்று இங்கே எண்ணுகிறார்கள். அதைப் பாருங்கள், ஆனால் களப்பயண வாரத்தை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்; சுற்றுலா நாளில் எல்லோரும் வருவார்கள். அடுத்த பருவத்தில், சாதாரண செவ்வாய்க்கிழமை மதியத்தில் யார் வருகிறார்கள் என்பதுதான் கணக்கு. படி 1-ன் அதே கேள்விகளை அதே பிள்ளைகளிடம் திரும்பக் கேளுங்கள். மாவோரிப் பிள்ளைகளின் கிரெடிட்டுகள் எந்தப் பாடங்களில் சேர்கின்றன என்று பிரித்துப் பாருங்கள். எண்ணிக்கை ஏறி, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடாத பாடங்களிலேயே குவிந்திருந்தால் ஏமாற்று. இவியிடமும் கேட்க வேண்டும்: இந்த அலகு உங்கள் கதையைச் சரியாகச் சொன்னதா, அடுத்த ஆண்டு எதை எடுக்கலாம்?

படி 9: எழுதிவைக்க வேண்டியவை

ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போனதும் அலகு பெட்டிக்குள் போய்விடுவது வழக்கம். அதனால் உறவு தனிநபரிடம் இல்லாமல் பள்ளிக்கும் இவிக்கும் இடையில் எழுத்தில் இருக்கட்டும். யார் எப்போது சந்திப்பது, எவ்வளவு ஊதியம், பாடத்தை மாற்ற யார் ஒப்புதல் என்று இரண்டு பக்கம் போதும். பெரியவர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்திருந்தால் அது யாருடையது, பள்ளித் தளத்தில் போடலாமா, அவர் காலமான பின் என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிரதி ஒன்றை அவர்கள் குடும்பத்திடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான முதல் கூட்டத்தின் தேதியை இந்த ஆண்டு அலகு முடியும் கூட்டத்திலேயே குறித்துவிடுங்கள். ஜூலை விடுமுறைக்குப் பின் மூன்றாம் பருவத்தின் முதல் வாரங்கள் வசதியாக இருக்கும், தேர்வு நெருக்கடி அப்போது தொடங்கியிருக்காது.